லிஃப்ட்காரர் படியேறக் கூடாது

லிஃப்ட் பழுது பார்க்க வந்த மெக்கானிக் லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறிப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான்காவது மாடித் தையல்காரர் நினைக்க வேண்டியதை நினைத்து, அன்றைக்கே கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். உங்கள் ஆளே இதில் ஏறப் பயப்படுகிறார், அப்படியென்றால் இதில் ஏதோ கோளாறு இருக்கிறது, எங்களிடம் மறைக்கிறீர்கள் என்று ஒரே ரகளை. மேனேஜர் மறுநாளே எல்லா மெக்கானிக்குகளையும் கூட்டிவைத்து ஒரு சட்டம் போட்டார். லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நம் ஆட்கள் யாரும் படியில் கால் வைக்கக் கூடாது. சமையல்காரனே சாப்பிடாத ஓட்டலில் வேறு எவன் சாப்பிடுவான் என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். மற்ற மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள், ஏனென்றால் அவர்களில் ஒருவருக்கும் படியேறும் ஆசை வந்ததே கிடையாது. சட்டம் ஒரே ஒரு ஆளுக்காகப் போடப்பட்டது. அவருக்குப் பெயர் ஏணி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அதைச் சம்பளத்தன்று தவிர யாரும் சொல்வதில்லை.

ஏணி ஆவதற்கு முன்னால் அவர் பெயர் பீப்பாய். அந்தப் பெயரும் சும்மா வந்துவிடவில்லை. லிஃப்ட் கூண்டுக்குக் கீழே, தரைக்கும் கீழே, ஒரு பள்ளம் இருக்கும். அதில் இறங்கி, சுவருக்கும் கூண்டு ஓடும் தண்டவாளத்துக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, அடியில் இருக்கும் ஸ்பிரிங்கைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் அப்படி நுழைந்தவர் திரும்பி வரவில்லை. வயிறு மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் பெல்ட்டைப் பிடித்து இழுக்க, நோயாளிகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, யாரோ ஒரு அம்மாள் மூச்சை உள்ளே இழு, மெதுவா வெளியே விடு என்று பிரசவம் பார்ப்பதுபோல் யோசனை சொல்ல, ஒரு வழியாக வெளியே வந்தார். மானம் மட்டும் பள்ளத்திலேயே தங்கிவிட்டது.

அதை எடுக்கத்தான் படியேற ஆரம்பித்தார். முதல் நாள் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டினார். மறுநாள் மறுபடியும் போனார். பிடிவாதம் அவர்கள் குடும்பச் சொத்து, நிலமோ நகையோ இல்லாத குறைக்கு அதையாவது பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பிறகு விடியற்காலையில் ஓட்டமும் சேர்ந்துகொண்டது. சிகரெட்டை ஒரே நாளில் தூக்கிப் போட்டார். சர்க்கரை இறங்கியது, ரத்தக் கொதிப்பு இறங்கியது, மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பள்ளத்தில் இப்போது அவர் எண்ணெய் போட இறங்கினால் பக்கத்தில் இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தார்.

அத்தோடு விட்டார்களா? குண்டாக இருந்தபோது குறைக்கச் சொன்ன அதே வாய்கள், இப்போது கொஞ்சம் சதை போடச் சொல்லின. கன்னம் ஒட்டிப்போச்சே என்றார்கள். எந்நேரமும் ஏறிக்கொண்டே இருக்கிறாரே, எதிலும் ஒரு அளவு வேண்டாமா என்றார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை அவரிடம் சொல்லாத ஆளே கிடையாது. பல் பிடுங்க வாயைத் திறந்து படுத்திருந்தபோது பல் டாக்டர்கூடச் சொன்னாராம். ஏணியும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"அமிர்தம் குடிச்சு எவன் செத்தான்? ஒருத்தனைக் காட்டுங்க, நான் நிறுத்திக்கிறேன்."

காட்ட முடியாதவர்கள் வேறு பழமொழி தேடிப் போனார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அவர் குடித்துவிட்டுத் தெருவில் விழவில்லை, சீட்டாடிச் சொத்தை அழிக்கவில்லை, அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. தன் காலால் தான் ஏறினார். ஒரு மனிதன் உருப்படியாக ஒரு காரியம் செய்தால் ஊருக்கு ஏன் பொறுக்காமல் போகிறது என்பது தனியாக ஆராய்ச்சி செய்ய வேண்டிய விஷயம்.

ஆனால் மனைவிக்குத் தெரியும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துகிறவள். இம்மி பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். காய்ச்சலில் உடம்பு கொதித்தபோதும் இவர் ஓடிவிட்டு வந்து போர்த்திப் படுத்ததைப் பார்த்தாள். வெளியூர்ப் பயணத்தில் பஸ் டீக்கு நின்றபோது, கால் மரத்துப்போச்சு, இதோ வந்துடறேன் என்று இறங்கியவர், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்க, பஸ் அவளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. டிரைவரிடம் கெஞ்சி வண்டியை நிறுத்தினாள். வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்து ஏறியவர் முகத்தில் வெட்கம் இருக்கும் என்று பார்த்தாள். சந்தோஷம்தான் இருந்தது, கூடுதலாகக் கொஞ்சம் ஓடக் கிடைத்ததே என்று.

கம்பெனிச் சட்டம் வந்த அன்று அவர் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தார். என் காலுக்கு எவன் பூட்டுப் போடறது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். விடிவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். சட்டம் என்ன சொல்கிறது? லிஃப்ட் ஓடும்போது படியேறக் கூடாது. ஓடாதபோது? மாதாந்தரப் பராமரிப்புக்குப் போகும்போது லிஃப்டை நிறுத்தி, 'பராமரிப்பு நடக்கிறது' என்ற பலகையை மாட்டித்தானே ஆக வேண்டும். வேலையைச் சுருக்காக முடித்துவிட்டு, பலகையை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தொங்கவிட்டால், கட்டடத்தின் படிகள் அத்தனையும் அவருக்குத்தான். மோட்டார் அறை மொட்டை மாடியில் இருப்பதால், எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவும் முடியாது. வேலியே பயிரை மேய்ந்தால் எப்படி இருக்கும் என்பதை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களில் அவரோடு போயிருக்கலாம். மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறுகிறவர்களிடம், உடம்புக்கு நல்லதுங்க என்று ஆறுதல் வேறு சொல்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் குதிகால் பேச ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் அடி ஆணியில் வைத்ததுபோல் இருக்கும். ஓட ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று ஓடினார். ஓடியதால்தான் வலித்தது, வலியை மறக்க ஓடினார். கடைசியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நொண்டியவரை மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் வைத்து, குதிகால் எலும்பில் மயிரிழையாக ஒரு விரிசல் ஓடுவதைக் காட்டினாள். இப்போது விட்டுவிட்டால் தானே சேர்ந்துவிடும், விடாவிட்டால் விரிசல் முழுதாகப் பிளக்கும், அப்புறம் ஆணி வைத்து முடுக்க வேண்டும், அப்படி முடுக்கிய காலோடு லிஃப்ட் பள்ளத்தில் இறங்குகிற வேலைக்கு எந்தக் கம்பெனியும் அனுமதிக்காது என்றாள். எலும்பு கூடும்வரை ஓட்டமும் கிடையாது, படியும் கிடையாது. அதோடு நிறுத்தியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு வந்திருப்பார். அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்களால நிறுத்த முடியுமா? முடிஞ்சா இது பழக்கம். முடியலன்னா நீங்க இதைச் செய்யல, இதுதான் உங்களை ஆட்டி வைக்குது. சிலருக்குக் குடி எப்படியோ அப்படி."

அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. குடிகாரனோடு சேர்த்துப் பேசிவிட்டாளே. சிகரெட்டையே ஒரே நாளில் விட்டவன் நான், இதென்ன பிரமாதம், விட்டுக் காட்டுகிறேன் என்று மேசையில் தட்டிவிட்டு எழுந்தார். மனைவி படத்தை உறையில் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அதை விட்ட இடத்துலதான் இதைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க."

அவர் நேராக அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றார். சபதம் போடுவதற்குச் சாட்சி வேண்டும் அல்லவா.

அக்கா அதே தையல்காரர் இருக்கும் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருந்தாள். தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலையில் ஆயுசு முழுக்க நின்றே கழித்தவள். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், ரிட்டயரானபோது தரைத்தள வீடாகத்தான் தேடினாள். கிடைத்ததெல்லாம் ஒன்று சாக்கடை ஓரம், இல்லாவிட்டால் வாடகை எட்டாத உயரம். அப்போது இந்தத் தம்பிதான் முன்னே வந்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் கையில இருக்குக்கா, நான் இருக்கிறவரைக்கும் உனக்கு அது நிக்காது, நம்பி வா என்றான். நம்பி வந்தாள். வந்த நாளிலிருந்து, என் கால் ரெண்டும் என் தம்பிகிட்ட இருக்கு என்று மாடி மாடியாகப் பெருமை பேசுவாள். பேச்சில் அவளை யாரும் ஜெயித்ததில்லை, கேரம் பலகையிலும் அப்படித்தான்.

அந்த அக்காவின் முன்னால் நின்று, எலும்பு கூடும்வரை ஒரு படி ஏற மாட்டேன், ஓட மாட்டேன், இது சத்தியம் என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சத்தியமெல்லாம் எதுக்குடா? விட்டுட்டா விட்டேன்னு சொல்லு, விட முடியலன்னா முடியலன்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாத. உனக்கு அது வராது."

விட்டார். முதல் சில நாட்கள் வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வீட்டில் இருந்தது மனைவி ஒருத்திதான், அவள் பட்டது பத்துப் பேர் பட்டது. மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றினார். கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்று கீலைக் கழற்றினார். டீ ஆறிவிட்டது என்று எரிந்து விழுந்தார், சுடுகிறது என்றும் எரிந்து விழுந்தார். தூக்கம் வரவில்லை, தொடை தானாகத் துள்ளியது. ஒருநாள் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே ம்ஹும், ம்ஹும் என்று ஒரு முனகல். உள்ளே தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார். தண்டால் படியும் இல்ல, ஓட்டமும் இல்லையே என்று வெளியே வந்து வாதாடினார். மேல்தொட்டி காலியாகிவிட்டது, இனிமேல் குழாயைத் திறக்காமலே எடுங்கள் என்று மட்டும் அவள் சொன்னாள்.

ஆனாலும் படியேறவில்லை. அதை அவர் பெருமையாக நினைத்துக்கொண்டார். பார்த்தாயா டாக்டரம்மா என்று மனதுக்குள் அடிக்கடி சொல்லிக்கொண்டார். அந்தப் பெருமையோடுதான் அக்கா கட்டடத்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனார்.

நண்பகலுக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. லிஃப்ட் தங்கமாக ஓடியது. பள்ளத்தைத் துடைத்தாகிவிட்டது, கம்பிவடத்தைப் பார்த்தாகிவிட்டது, கதவு மூடுவதைச் சோதித்தாகிவிட்டது. கீழே நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பலகையைக் கழற்றுவதும் சாவியைத் திருப்புவதும்தான் பாக்கி. பக்கத்திலேயே படிக்கட்டு. கழுவி விட்டிருந்ததால் ஈரமாக, யாருமில்லாமல், சும்மா கிடந்தது.

ஒரே ஒரு மாடி என்றுதான் ஏறினார். செய்த சத்தியத்துக்கு மரியாதை கொடுப்பதுபோல் படி விளிம்பில் கால் வைத்து, குதியைத் தரையில் படவிடாமல், முன்பாதத்தால் ஏறினார். குதியில் படாவிட்டால் அது ஏறியதாகுமா? ஒன்று இரண்டானது. நாலாவது மாடி தாண்டும்போது தலைக்குள் இருந்த இரைச்சல் அடங்கியது. எத்தனையோ நாளாகக் கத்திக்கொண்டிருந்த ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது. மொட்டை மாடிக் கதவைத் தொட்டார், இறங்கினார், கீழ்ச் சுவரைத் தொட்டார், மறுபடி ஏறினார். குதிகால் கத்தியது. கத்தட்டும். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான நேரம் அதிகம் வந்ததில்லை. அதையும் மறைக்கக் கூடாது.

உச்சியைத் தொட்டு, அங்கேயே வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தடவை இறங்கி வரும்போது, ஐந்தாவது மாடித் திருப்பத்தில், சுவரில் சாய்ந்தபடி அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவர் கடைசியாக மேலேறிப் போனபின், மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவள் கீழே பலகையைப் பார்த்திருக்கிறாள். தம்பி வேலை செய்கிறான், முடித்துவிடுவான் என்று நின்றிருக்கிறாள். ஆனால் சர்க்கரை நோய்க்காரிக்கு அவசரம் என்று ஒன்று வந்தால் நிற்காது. யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்க அவள் மனம் இடம் தரவில்லை. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நாலு மாடியைத் தாண்டினாள், ஐந்தாவதில் முட்டியும் விட்டது, மற்றதும் விட்டது. அவள் உட்கார்ந்திருந்த இடம் நனைந்திருந்தது. அவளுடைய துணியும் நனைந்திருந்தது.

அவரைப் பார்த்ததும் பையை மடியில் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் பார்க்காதடா."

பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு திருப்புளிகூட இல்லை. அவள் கேட்பதற்கு முன்னாலேயே வாய் முந்திக்கொண்டது. கதவு சென்சாரில் கோளாறுக்கா, மேலே போய் மேலே போய்ப் பார்க்க வேண்டியதாகிவிட்டது என்றார். மெக்கானிக்குக்குப் பொய்க்கா பஞ்சம், லிஃப்டில் இருக்கும் உறுப்புக்கெல்லாம் ஒரு பொய் உண்டு. அவள் நம்பினாள்.

"பரவாயில்லடா. வேலைன்னா முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். இந்தக் காலோட உன்னை ஏறவச்சிட்டானுங்களே பாவிங்க."

கீழே ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றி சாவியைத் திருப்பினார். அதிலேயே ஐந்தாவது மாடிக்கு வந்தார். கதவு திறந்து அது வெளிச்சமாக நின்றதைப் பார்த்து அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை வச்சதும் ஓடுதே, கைராசிக்காரன்டா நீ என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே ஏற்றினார். அவளை வீட்டில் விட்டபின் துணியும் வாளியும் எடுத்து வந்து அந்த இடத்தைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் மனைவி அவருடைய காலைப் பார்த்தாள். குதி வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது. இன்றைக்கு ஏறினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

தையல்காரர் சும்மா இருப்பாரா? அவருடைய வாசலைத் தாண்டித்தானே அந்தக் கால்கள் போயும் வந்தும் இருந்தன. தடதடவென்று மேலே, தடதடவென்று கீழே. கதவிடுக்கில் பார்த்துவிட்டு கம்பெனிக்கு மறுபடி போன் போட்டார். மறுநாள் மேனேஜரே வந்துவிட்டார். கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகள் இருக்கும் இடத்தில் நாலைந்து குடித்தனக்காரர்கள் கூடியிருந்தார்கள். உங்கள் ஆள் வேலை செய்யவில்லை, நல்ல லிஃப்டை நிறுத்திவிட்டு உடற்பயிற்சி செய்தார், என் கண்ணாலேயே பார்த்தேன் என்றார் தையல்காரர். மேனேஜருக்கு இதைப் பெரிதாக்க விருப்பமில்லை. கம்பெனி பெயர் கெடும். அதனால் ஏணியின் பக்கம் திரும்பி, பதிலைத் தானே எடுத்துக் கொடுத்தார். கதவு சென்சார் மாதிரி ஏதாவது இருந்திருக்கும், அப்படித்தானே?

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வேலையும் தப்பும், மானமும் தப்பும். அவர் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்து அக்கா வந்துவிட்டாள். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அவளுக்கு இரண்டும் ஆடின.

"யாரு, என் தம்பியா வேலை செய்யாம ஓடி விளையாடினான்? கால் எலும்புல விரிசலோட மேலயும் கீழயும் ஏறி உங்களுக்கு லிஃப்டைச் சரி பண்ணிக் குடுத்தவன். உங்களுக்கு நன்றி இருக்கா? நேத்து அஞ்சாவது மாடியில நான் என்ன நிலைமையில கெடந்தேன்னு தெரியுமா? சொல்றதுக்கு எனக்கு வெட்கம் இல்ல. அடக்க முடியாம, படியிலேயே போயிட்டேன். உங்கள்ல ஒருத்தர் எட்டிப் பார்க்கல. இவன்தான் வந்து தூக்கினான். இவன்தான் துடைச்சான்."

தன் மானத்தை அத்தனை பேர் முன்னால் கழற்றி, அவருக்குப் போர்த்திவிட்டாள். தையல்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர், சரிம்மா, சரிம்மா, முடிஞ்சுபோச்சு என்றார். எல்லோரும் கலையத் தயாரானார்கள்.

"முடியல சார்" என்றார் ஏணி. "லிஃப்ட்ல ஒரு கோளாறும் இல்ல. சென்சார் நல்லா இருந்துச்சு. நான்தான் நிறுத்தினேன். ஏறணும்னு இருந்துச்சு, ஏறினேன். நேத்து மட்டும் இல்ல, நீங்க அந்தச் சட்டம் போட்டதுல இருந்தே இப்படித்தான்."

யோசித்துப் பேசுங்கள் என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். தையல்காரருக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. பார்த்தீங்களா, குடிகாரன் பாட்டிலை ஒளிச்சு வைக்கிற மாதிரி இது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஏணி அவர் பக்கம் திரும்பினார். அந்தக் கழுத்தில் அப்போதும் ஒரு திமிர் இருந்தது. அது இல்லாவிட்டால் அவரால் அங்கே நின்றிருக்கவே முடியாது.

"ஆமா, அதே மாதிரிதான். டாக்டர் சொன்னப்ப சண்டை போட்டேன், என் வீட்டுக்காரி சொன்னப்ப கேக்கல. நீங்க சொல்றதுக்காகவும் இப்ப ஒத்துக்கல. எங்கக்கா எனக்காகப் பொய் சாட்சி சொல்லிட்டு நிக்கிறா, அது பொய்னே அவளுக்குத் தெரியாது. அதுக்காகத்தான் சொல்றேன். யாரும் எனக்கு இனிமே பழமொழி சொல்ல வர வேண்டாம்."

மேனேஜர் கையை நீட்டினார். ஏணி இடுப்பிலிருந்து லிஃப்ட் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். கால் சரியாகும்வரை ஆபீசில் உட்கார்ந்து புகார் போன் எடுங்கள், அதற்கப்புறம் வேலை இருக்கிறதா இல்லையா என்று மேலிடம் சொல்லும் என்றார் மேனேஜர். சரி என்றார் இவர். கெஞ்சவில்லை.

கூட்டம் கலைந்தது. அக்கா லிஃப்டுக்குள் போய் நின்றாள். கதவு மூடப் போகும்போது கைத்தடியைக் குறுக்கே நீட்டினாள்.

"ஏறு" என்றாள்.

ஏறினார். ஒன்பதை அழுத்தினாள். கூண்டு கிளம்பியது. அவர் மூலையில் நின்றார். தான் எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் அது போய்க்கொண்டிருந்தது. அக்கா அவரைப் பார்க்காமல் கதவைப் பார்த்துப் பேசினாள்.

"ஏறினதைக்கூட விட்டுடறேன்டா. உன்னால முடியல, ஏறிட்ட. என் முட்டியும்தான் முடியாம என்னைப் படியில உக்காரவச்சுச்சு, அதை வெட்டிப் போட்டுட்டேனா? ஆனா கைராசிக்காரன்னு நான் சொன்னப்ப, கேட்டுக்கிட்டு நின்ன பாரு. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

அவர் அழுதார். சத்தம் வரவில்லை, ஆனால் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அக்கா கைக்குட்டை எதுவும் நீட்டவில்லை. ஒன்பதாவது மாடியில் கதவு திறந்ததும் இறங்கினாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"நாளைக்கு நான் மருந்துக் கடைக்குப் போகணும். பாதி மருந்து நேத்து மறந்துட்டு வந்துட்டேன். நீ வந்து கூட்டிட்டுப் போ. உன் சாவியெல்லாம் எனக்கு வேண்டாம், சும்மா தம்பியா வா. லிஃப்ட்லயே வரணும், லிஃப்ட்லயே போகணும். உன்னால முடியலன்னா வராத, வந்துட்டுப் பொய் சொல்லாத."

வருவேன் என்று அவர் சொல்லவில்லை. சத்தியமும் செய்யவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். காலையில் என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லிஃப்ட் திறந்தபடியே நின்றது. எதிரே படிக்கட்டு. இறங்கினால் ஒன்பது மாடி, யாரும் பார்க்க மாட்டார்கள், தையல்காரர்கூட இன்றைக்குக் களைத்துப்போய்க் கதவைச் சாத்தியிருப்பார். இறங்குவது ஏறுவதாகாது என்று உள்ளே ஒரு குரல் வக்கீல்போல் எழுந்து நின்றது. தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின. எந்தக் கடவுளையும் அவர் கூப்பிடவில்லை, எந்த மனிதரையும் கூப்பிடவில்லை.

"கத்து" என்று தன் காலைப் பார்த்துச் சொன்னார். "எவ்வளவு வேணும்னாலும் கத்து."

கீழ்த்தளப் பொத்தானை அழுத்திவிட்டு, இரண்டு கையாலும் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடியது. கூண்டு தரையைத் தொடும்வரை அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.